அண்ணி வைத்த எண்

என் வீட்டுக்காரரின் அக்காவைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை எழுதப்போகிறேன் என்றால், நாத்தனாரோடு குப்பை கொட்டிய எந்தப் பெண்ணும் நம்ப மாட்டாள். நம்பாவிட்டால் போகட்டும். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே கூரைக்குள் இருக்கிறோம். சண்டை போட்டிருக்கிறோம், மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்திருக்கிறோம், மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் யார் முதலில் ஒதுங்குவது என்று நின்றிருக்கிறோம். ஆனால் போன வருடம், தண்ணீரை மென்மையாக்கும் ஒரு மெஷினைக் காரணம் காட்டி அவரை அவருடைய வீட்டிலிருந்தே கிளப்பப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று பொதுவாகச் சொல்வானேன், என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். எனக்கு அது அன்றைக்கும் பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணி பஸ் ஓட்டியவர். வேலைக்கு மனுக் கொடுக்கப் போன அன்று, கண்டக்டர் வேலைக்கு அடுத்த ஜன்னல் என்று கை காட்டினார்களாம். "நான் டிக்கெட் கிழிக்க வரல, வண்டி ஓட்ட வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அதே ஜன்னலில் நின்றாராம். பின்னால் வரிசை நீண்டு, ஆட்கள் கத்த ஆரம்பித்த பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். அந்த டிப்போவில் ஸ்டியரிங் பிடித்த பெண் ரொம்ப வருடங்களுக்கு அவர் ஒருவர்தான்.

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக்கு'. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தாலும் அண்ணி கிளப்ப மாட்டார். கண்ணாடியில் பார்ப்பார். கைக்குழந்தைக்காரி உட்கார்ந்தாளா, கடைசியாக ஏறிய பெரியவர் கம்பியைப் பிடித்தாரா என்று பார்த்த பிறகுதான் கியர் விழும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தால் தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாக நாலு மடக்குக் குடிப்பார். தினமும் தாமதம் ஏன் என்று கேட்ட மேலதிகாரியிடம், "நேரத்துக்குப் போய்ச் சேரணும்னா சொல்லுங்க சார், ஆளை ஏத்தாம காலியா ஓட்டிட்டுப் போறேன்" என்றவர். 

அவருடைய கணவரை நான் அண்ணன் என்பேன். அச்சகத்தில் வேலை பார்த்த சாதுவான மனுஷர். அந்த வீட்டில் ஃப்யூஸ் போனால் அண்ணி போடுவார், அடுப்பில் அண்ணன் நிற்பார். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகுதான் அண்ணி முதல் முறையாக அடுப்படிக்குள் நுழைந்தார். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்று, தனியாக, தன் சமையலைத் தானே சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார் என்றால் அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உப்பே இருக்காது, இன்னொரு நாள் இரண்டு தரம் விழுந்திருக்கும். அது மறதி இல்லை. சமைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் என் வீட்டுக்காரர் அதை மறதி என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்கா மேல் உயிர். அந்தப் பாசம்தான் பிரச்சினையே. அவருடைய ஆபீஸில் ஒருவரின் அம்மா கேஸை மூடாமல் தூங்கப் போய் பெரிய விபத்தாகிவிட்டது. அந்தக் கதையைக் கேட்டு வந்த நாளிலிருந்து இவர் அக்காவைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். அண்ணி மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தேடினால் இவர் என்னைப் பார்ப்பார். அண்ணி எங்கள் மகனை இவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மறுபடியும் என்னைப் பார்ப்பார். இவர் வாரம் தவறாமல் வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறவர். அதை நான் சொன்னபோது, "அது வேற" என்றார். 

மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவனுடைய அறை காலியானது. ஒரு நாள் பார்த்தால் அதற்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். "அக்காவை மேல கூட்டிட்டு வந்துடலாம். கீழ தனியா விட பயமா இருக்கு. நாம பாத்துக்கலாம்" என்றார். நாம் பார்த்துக்கொள்வது என்றால் நான் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டது அதுவல்ல. தனக்கென்று ஒரு கதவு, ஒரு அடுப்பு, ஒரு சாவி வைத்திருக்கிற மனுஷியைக் கொண்டுவந்து, கூப்பிட்டால் சாப்பிட வரவேண்டிய அறையில் உட்கார வைப்பதா? அண்ணியிடம் கேட்டீர்களா என்றேன். நேரம் பார்த்துச் சொல்வேன் என்றார்.

அந்த நேரத்தில்தான் மெஷின் வந்து சேர்ந்தது.

எங்கள் தெருத் தண்ணீர் முரட்டுத் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். ஹீட்டர் வருடத்துக்கு ஒன்று சாகும். என் வீட்டுக்காரர் எங்கெங்கோ விசாரித்து ஒரு சாஃப்ட்னர் வாங்கினார். உயரமான ஒரு உருளை, அதற்குப் பக்கத்தில் உப்புக் கொட்டுகிற ஒரு தொட்டி, உருளையின் தலையில் நாலு பொத்தான் வைத்த சின்னத் திரை. தெருவிலிருந்து வரும் பெரிய குழாய் கீழ்வீட்டுச் சமையலறைக்குப் பின்னால்தான் நுழைகிறது என்பதால் மெஷினையும் அங்கேயே மாட்டினார்கள். இரண்டு வீட்டுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். மாட்டியவர்கள், "தண்ணியோட ஹார்ட்னஸ் எவ்வளவோ அந்த எண்ணை வெச்சுக்குங்க, புத்தகத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தி நாற்பதில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் நாற்பது என்று அப்போது நானும் கேட்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு உறுதி இருந்தது.

தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் வந்தது. சோப்பு நுரைத்துத் தள்ளியது. ஆனால் அந்த மெஷின் தினமும் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். கடிகாரத்தையும் இவர் சரியாக வைக்காததால், அண்ணி மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து அந்தக் கழுவல் ஆரம்பிக்கும். கடகடவென்று ஒரு சத்தம், பிறகு சாக்கடையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பிறகு ஒரு முனகல். உப்பையும் அது தின்று தீர்த்தது. தொட்டியில் உப்புக் கொட்டுவது யார்? கீழே இருக்கிறவர்தான். "இது தண்ணி மெஷினா, மாட்டுத் தொட்டியாடா?" என்று அண்ணி கேட்டார். இவர், "அதெல்லாம் அப்படித்தான்க்கா, நீ தொடாத" என்றார்.

தொடாதே என்று அண்ணியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அண்ணி புத்தகத்தை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். தண்ணீரைச் சோதித்து, வருகிற எண்ணை வைக்கவும் என்று அதில் இருந்தது. கூடவே ஒரு சின்ன டப்பாவில் காகிதப் பட்டைகள். பட்டையைத் தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும், அந்த நிறத்தை டப்பா மேல் இருக்கும் நிறங்களோடு ஒட்டிப் பார்த்தால் எண் தெரியும். அண்ணி சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு தம்ளரில் பிடித்து முக்கினார். இரண்டு. நம்பாமல் இன்னொரு பட்டையை முக்கினார். அதுவும் இரண்டு. "ரெண்டு இருக்கற தண்ணிக்கு நாப்பது வெச்சிருக்கான் பாரு, அறிவுக்கொழுந்து" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எண்ணை இரண்டுக்கு இறக்கினார். கடிகாரத்தையும் சரிசெய்தார்.

மெஷின் வாயை மூடிக்கொண்டது. மதியச் சத்தம் இல்லை. தொட்டியில் உப்பு அப்படியே இருந்தது. தண்ணீரும் முன்பு போலவே நுரைத்தது. அண்ணி ஜெயித்த முகத்தோடு வளைய வந்தார். நானும், பரவாயில்லையே என்று நினைத்தேன்.

பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரின் பழைய குணம் திரும்பியது. தம்ளர்களில் வெள்ளைப் புள்ளிகள். துவைத்த துண்டு காய்ந்தால் அட்டை மாதிரி நின்றது. எவ்வளவு தேய்த்தாலும் என் தலையில் ஷாம்பு நுரைக்கவில்லை. நான் சும்மா இருக்காமல் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்து கீழே போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"யாரு இதை மாத்தினது?"

"நான்தான்" என்றார் அண்ணி. "சோதிச்சுப் பாத்துதான் வெச்சேன்."

எப்படிச் சோதித்தாய் என்று இவர் கேட்டிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "சரிக்கா, பரவால்ல, விடு" என்று மெதுவாகச் சொன்னார். எண்ணை மறுபடியும் நாற்பதுக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கனிவைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. இவர் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது நாற்பது வைத்துவிட்டுப் போவார். வண்டி தெருமுனை திரும்பியதும் அண்ணி இரண்டு வைப்பார். சாயங்காலம் இவர் வந்து நாற்பது. இவர் சட்டை மாற்றுவதற்குள் இரண்டு.  நடுவில் அந்த மெஷின் என்ன நினைத்ததோ தெரியாது, என் தலைமுடிதான் நாசமானது.

"காலைல சொன்னது சாயங்காலம் ஞாபகம் இல்ல, பாத்தியா?" என்றார் இவர் என்னிடம்.

"ஞாபகம் இருக்கு. அதனாலதான் மாத்தறாங்க" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் இவர் அண்ணியின் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார். வியாழக்கிழமை ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். என்ன டாக்டர் என்று அண்ணி கேட்டார்.

"மறதிக்குப் பாக்கறவரு. சும்மா நாலு கேள்வி கேப்பாரு, அவ்வளவுதான்."

"நான் எதை மறந்தேன்?"

இவர் சொல்லத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடி, மகனின் பெயர், இரண்டு தரம் விழுந்த உப்பு, இப்போது மெஷின். இத்தனை நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு, "மேல ரூம் ரெடி பண்ணிட்டேன்க்கா. டாக்டரைப் பாத்துட்டு அப்படியே மேல வந்துடு. எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

ஒரு பஸ் நிறைய ஆட்களை ஒற்றை வார்த்தையில் அடக்கிய அண்ணி அன்றைக்குக் காலித் தம்ளர்களை ஓரமாக நகர்த்தி வைத்ததோடு சரி. இவர் மேலே போன பிறகும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தம்ளர்களை எடுத்துக் கழுவினேன். அவற்றில் படிந்திருந்த வெள்ளை போகவில்லை.

"நீயும் அப்படித்தான் நெனக்கறியா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு நீங்க எப்பவுமே இப்படித்தான் அண்ணி" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பயமா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. "நெஜமாவே போய்ட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? சோதிச்சேன். ரெண்டு தடவை சோதிச்சேன். ரெண்டுன்னுதான் வந்துச்சு. அப்புறம் ஏன் தண்ணி கெட்டுச்சு? நான் தப்பாப் பாத்தேனா? பாக்கவே இல்லையா?"

 தம்பி என்று ஒருவர் அன்பாகப் பேசியே ஒரு மனுஷியை அவளுடைய கண் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டார். மேலே போய் இவரிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். "அவங்க நல்லதுக்குத்தானே" என்றார். இந்த நல்லது என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

புதன்கிழமை இவர் அரை நாள் விடுப்பில் வீட்டில் இருந்தார். மெஷின் கம்பெனிக்குச் சொல்லி ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். பொத்தான்களுக்கு ஒரு பூட்டு எண் போட்டுவிடலாம், தெரிந்தவர் தவிர வேறு யாரும் தொட முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக் நடுத்தர வயசு, தடுமன் பிடித்த ஆள். மூக்கை உறிஞ்சியபடியே மெஷின் முன்னால் குந்தினார். நான் துடைப்பத்தோடு அங்கேயே நின்றேன். அண்ணி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பூட்டு போடறது பெரிய விஷயம் இல்ல சார். மொதல்ல எண் சரியா இருக்கான்னு பாத்துக்குவோம்." திரையைப் பார்த்தவர் நிமிர்ந்தார். "ரெண்டா? இது யாரு வெச்சது?"

"நான்தான்."

"எதை வெச்சும்மா ரெண்டுன்னு வெச்சீங்க?"

"சோதிச்சுத்தான். பட்டையை முக்கிப் பாத்தேன்."

"எந்தக் குழாய்ல பிடிச்சீங்க?"

"இதோ, சமையக்கட்டுக் குழாய்ல."

"அது மெஷினுக்குள்ள போய்ட்டு வர்ற தண்ணியாச்சேம்மா. அது கம்மியாத்தான் காட்டும். உள்ள போறதுக்கு முன்னாடி இருக்கற தண்ணியச் சோதிக்கணும்."

அண்ணி ஒரு நிமிஷம் குழாயைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் வந்தது. "குளிச்சிட்டு வந்தவனைப் பாத்து, ஒடம்புல அழுக்கே இல்லன்னு சொல்லியிருக்கேன்" என்றார். அவர் கண் பொய் சொல்லவில்லை. பட்டை காட்டிய எண்ணைத்தான் பார்த்திருக்கிறார். குழாய்தான் தப்பு.

என் வீட்டுக்காரர் மெக்கானிக் பக்கம் குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கொஞ்ச நாளா இப்படித்தான். வயசாயிடுச்சு" என்றார்.

மெக்கானிக் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "இதுக்கு முன்னாடி எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"நாப்பது" என்றார் இவர்.

"நாப்பதா? அது யாரு?"

இவர் தொண்டையைச் செருமினார். "இவருதான்" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"எதை வெச்சு சார்?"

"இல்ல, கூட வெச்சா தண்ணி நல்லா சாஃப்ட்டா வரும்னு."

"சார், இது ஃபேன் ரெகுலேட்டர் இல்ல." மெக்கானிக் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு எவ்வளவு வேணும்னு கேக்கற எண் இல்ல இது. தெருத் தண்ணி எவ்வளவு மோசம்னு நீங்க மெஷினுக்குச் சொல்ற எண். அதை நம்பித்தான் எப்போ கழுவணும்னு அது கணக்குப் போடும். கூடச் சொன்னீங்கன்னா வேலையே இல்லாம கழுவிக் கழுவி உப்பையும் தண்ணியையும் சாக்கடைல விடும். கம்மியாச் சொன்னா கழுவாமயே இருந்து உள்ள நெறஞ்சு போய், முரட்டுத் தண்ணிய அப்படியே விட்டுடும்."

வாசலில் தோட்டத்துக் குழாய் ஒன்று இருக்கிறது. அது மெஷினுக்கு முன்னாலேயே பிரிந்து போகிற குழாய். மெக்கானிக் அதில் ஒரு கோப்பை பிடித்து வந்து பட்டையை முக்கினார். நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்து நிறத்தைப் பார்த்தோம். பதினெட்டு.

"சரி" என்று மெக்கானிக் எழுந்தார். "பூட்டு யாரு தொடாம இருக்கப் போடணும் சார்? ரெண்டு பேருமே தப்பாத்தான் வெச்சிருக்கீங்க."

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. வேலைக்குத் தேவையான கேள்வியைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்களே பதினெட்டு வெச்சிட்டுப் பூட்டிடுங்க. பூட்டு எண்ணை என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார்.

"இருங்க. நானே வெக்கறேன்" என்று அண்ணி முன்னால் வந்தார்.

"அக்கா, அவரு வெக்கட்டும். நீ எதுக்கு?"

"ஏன், நான் வெச்சா என்ன?"

"திரும்பவும் ஏதாவது..." என்று இழுத்தார். "நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்க்கா. அப்புறம் எல்லாம் பேசிக்கலாம்."

அண்ணி தம்பி எதிரே வந்து நின்றார். இவரை விட ஒரு சாண் குள்ளம். இருந்தாலும் இவர் பின்னால் ஒரு அடி வைத்தார்.

"நான் தப்பா வெச்சேன். ஒத்துக்கறேன். நீ?"

"எனக்கு அதைப் பத்தித் தெரியல. அவ்வளவுதான்."

"எனக்கும் அவ்வளவுதான்டா. நீ பண்ணா தெரியல, நான் பண்ணா மூளை போயிடுச்சா?"

"அக்கா, உன் வயசுல..."

"வண்டி ஓட்டற காலத்துல ஒரு தடவை டிப்போ கேட்டை இடிச்சேன். பொம்பள ஓட்டினா இப்படித்தான்னாங்க. அதே கேட்டை இன்னொருத்தன் வந்து இடிச்சான். பாவம், தூக்கக் கலக்கம்னாங்க. அப்போ பொம்பள, இப்போ கெழவி. கேட்டு என்னவோ ஒரே கேட்டுதான்." அண்ணி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார்.  "மூணு நாளா நான் பைத்தியமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கையை நானே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதைப் பண்ணது நீ. இனிமேயும் தப்புப் பண்ணுவேன். உப்பு ரெண்டு தடவை போடுவேன், கண்ணாடியைத் தொலைப்பேன். இதே வீட்ல இருந்துக்கிட்டுப் பண்ணுவேன்."

"உன் நல்லதுக்குத்தான் டாக்டர்..."

"வர்றேன். நாளைக்கே வர்றேன். ஆனா ரெண்டு பேருக்கும் சேத்து நேரம் வாங்கு. என்கிட்ட என்ன கேக்கறாரோ அதையே உன்கிட்டயும் கேக்கட்டும். பதினெட்டு இருக்கற எடத்துல நான் ரெண்டு வெச்சேன், நீ நாப்பது வெச்ச. யாரு கிட்ட வந்தாங்கன்னு அவரே சொல்லட்டும்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு தும்மலும் வந்துவிட்டது. நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். அண்ணிதான் கிட்டே வந்திருந்தார். என் வீட்டுக்காரரும் கழித்துப் பார்த்திருக்க வேண்டும், அவர் முகமே சொன்னது.

அண்ணி குனிந்து பொத்தானை அழுத்தினார். பதினெட்டில் நின்றதும் மெக்கானிக், "துருவும் கொஞ்சம் வருது உங்க தண்ணில, ரெண்டு கூட்டி வெச்சுக்குங்கம்மா" என்றார். எதற்குக் கூட்ட வேண்டும், ஏன் மூன்று இல்லை என்றெல்லாம் அண்ணி அவரைக் குடைந்தெடுத்துவிட்டு இருபதில் நிறுத்தினார். பிறகு, "பூட்டு எண் போடணும்னீங்களே, அதை எப்படிப் போடறது?" என்று கேட்டார். மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார். அண்ணி எங்கள் மூன்று பேரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம், என் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான். பின்னால் பொத்தான் நாலு தடவை கத்தியது.

அன்று சாயங்காலம் இவர் மொட்டை மாடிக்குப் போய் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் பண்ணினார். துணி எடுக்கப் போன நான் கொடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நாளைக்கு வரவில்லை என்றார். அங்கே என்னவோ கேட்டார்கள் போல. "இல்லைங்க, வேற நாளும் வேணாம். ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்கோம்" என்றார்.

அண்ணி இன்னும் கீழேதான் இருக்கிறார். அறையைப் பற்றி இவர் அதன் பிறகு பேச்செடுக்கவில்லை. ஆனால் ஆம்பிளை மனசு அவ்வளவு சுலபத்தில் ஆறுமா? ஒரு நாள் கீழே இறங்கிப் போய், மெஷினைச் சுற்றி வந்து, எதற்கோ ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார். திரை பூட்டு எண்ணைக் கேட்டிருக்கிறது. நான் அண்ணிக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போல, "அக்கா, அந்த பூட்டு எண் என்ன?" என்றார்.

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"வயசாயிடுச்சுல்லடா" என்றார். "மறந்துட்டேன்."